“அம்மம்மா சொன்னவா” என்றால் அது சான்றா? கட்டுரையில் உசாத்துணை எழுதுவது எப்படி



இந்தக் கிழமை பாட்காஸ்டில் செயற்கை நுண்ணறிவும் பள்ளிக்கூடக் கட்டுரைகளும் பற்றிக் கதைத்தோம். கடைசி ஐந்து நிமிடத்தில், “ஆதாரம் எப்படிக் காட்டுவது என்று எழுத்தில் அனுப்புகிறேன்” என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். எங்கே கமா வரும், எங்கே முற்றுப்புள்ளி வரும் என்பதை ஒலியில் சொன்னால் ஒருவருக்கும் விளங்காது. அதுதான் இந்தக் கடிதம். நீங்கள் 11, 12ஆம் வகுப்பில் இருந்தால் நேரே உங்களுக்கு. படிப்பு முடித்துவிட்டீர்கள் என்றால் வீட்டில் இருக்கும் தம்பி தங்கச்சிக்கு.

முதலில் ஒரு கதை.

அக்காவின் மகள் ஸ்காபரோவில் 12ஆம் வகுப்புப் படிக்கிறாள். ஆங்கிலப் பாடத்துக்கு ஷியாம் செல்வதுரையின் ‘ஃபனி போய்’ நாவலை எடுத்துக் கட்டுரை எழுதினாள். 1994இல் வந்த புத்தகம் அது. கடைசிப் பகுதி 1983 ஜூலைக் கலவரத்தை நாட்குறிப்பாகச் சொல்கிறது. நாவலில் வருவதையும் எங்கள் குடும்பம் பட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத வேண்டும் என்பது அவளுடைய யோசனை. நல்ல யோசனை.

கட்டுரை மார்க் போடாமல் திரும்பி வந்தது. இரண்டு கிழமைக்குள் திருத்திக் கொடு, இல்லையென்றால் பூச்சியம் என்று ரீச்சர் எழுதியிருந்தார். மூன்று இடத்தில் சிவப்புக் கோடு. ஒன்று, “3,000 தமிழர் கொல்லப்பட்டனர்” என்ற வரி. பக்கத்தில் “யார் சொன்னது?” இரண்டாவது, ஒரு முழுப் பந்தி. பக்கத்தில் “இது உன்னுடைய சொற்களா?” மூன்றாவது, அவளுடைய அம்மம்மா, அதாவது என்னுடைய அம்மா, வெள்ளவத்தையிலிருந்து தப்பி வந்த கதை. பக்கத்தில் ஒரே சொல்: “சான்று?”

போன் எடுத்து அழுதாள். “மாமா, நான் கொப்பி அடிக்கேல்லை. அம்மம்மாவைப் பொய் சொல்லுறா எண்டு சொல்லுற மாதிரி இருக்கு.”

எனக்கு உடனே என் இரண்டாம் வருடம் ஞாபகம் வந்தது. கம்ப்யூட்டர் சயன்ஸ் ஒப்படை ஒன்றுக்கு இணையத்தில் கிடந்த ஒரு பங்ஷனை அப்படியே எடுத்துப் போட்டேன். மாறியின் பெயரைக்கூட மாற்றவில்லை. வகுப்பில் இன்னொருவனும் அதே கோடை எடுத்திருந்தான். இரண்டு பேருக்கும் பூச்சியம். விரிவுரையாளர் சொன்னது இன்றும் காதில் நிற்கிறது: “மேலே ஒரு கமெண்ட் வரி எழுதி, எங்கே எடுத்தாய் என்று சொல்லியிருந்தால் மார்க் தந்திருப்பேன்.”

ஒரே ஒரு வரிதான். அந்த வரியைப் பற்றித்தான் இந்தப் பாடம். மருமகளின் மூன்று சிவப்புக் கோட்டையும் வைத்தே படிப்போம்.

முதலில் அடிப்படை: சாவியும் பெட்டியும்

ஊரில் பாடப்புத்தகக் கடைசியில் ‘உசாத்துணை’ என்று ஒரு பட்டியல் இருக்கும். உசாவுதல் என்றால் கேட்டு விசாரிப்பது. வாசிக்கிறவர் உங்களை நம்பாவிட்டால் தானே போய் விசாரிப்பதற்கு வழி வைப்பதுதான் உசாத்துணை.

வழி இரண்டு துண்டாக இருக்கும். கட்டுரைக்குள்ளே அடைப்புக்குறியில் ஒரு சின்னக் குறிப்பு. கடைசிப் பக்கத்தில் முழு விவரம். கோட் எழுதுகிறவர்களுக்கு இது பழகின விஷயம். உள்ளே இருப்பது சாவி, பின்னால் இருப்பது பெட்டி. சாவி இருந்து பெட்டி இல்லையென்றால் பிழை. பெட்டி இருந்து சாவி இல்லையென்றால், அந்தப் புத்தகத்தை நீங்கள் பாவிக்கவே இல்லை, பட்டியலை நீட்டத்தான் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். கட்டுரையை அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு அடைப்புக்குறியையும் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

கனடாவில் ஆங்கிலப் பாடத்துக்குப் பெரும்பாலும் எம்.எல்.ஏ. முறையைக் கேட்பார்கள். (அம்மாவிடம் இதைச் சொன்னபோது “எந்த எம்.எல்.ஏ.? எந்தத் தொகுதி?” என்று கேட்டா. தமிழ்ப்படம் செய்த வேலை.) இது மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன் என்ற அமைப்பின் முறை. கைநூலின் 9ஆம் பதிப்பு 2021இல் வந்தது. உளவியல், சமூகவியல் போன்ற பாடங்களுக்கு ஏ.பி.ஏ. முறையைக் கேட்பார்கள். அதன் 7ஆம் பதிப்பைப் பாருங்கள்.

இரண்டுக்கும் வித்தியாசம் என்ன? எம்.எல்.ஏ. முறையில் உள்ளே ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும் வரும்: (செல்வதுரை 45). நடுவில் கமா இல்லை, ‘பக்கம்’ என்ற சொல்லும் இல்லை. ஏ.பி.ஏ. முறையில் ஆண்டும் சேரும்: (செல்வதுரை, 1994, ப. 45). இலக்கியம் படிக்கிறவருக்கு எந்தப் பக்கத்தில் அந்த வரி என்பது முக்கியம். ஆய்வு படிக்கிறவருக்கு அது எவ்வளவு பழையது என்பது முக்கியம். இது விளங்கினால் மனப்பாடம் பாதி குறையும். (45 நான் உதாரணத்துக்குப் போட்ட எண். உங்கள் கையில் இருக்கும் பதிப்பின் எண்ணைப் போடுங்கள். பதிப்பு மாறினால் பக்கமும் மாறும்.)

வசனத்தின் முற்றுப்புள்ளி அடைப்புக்குறிக்குப் பிறகுதான் வரும். நான்கு வரிக்கு மேல் நீளும் உரைநடை மேற்கோள் என்றால் தனிப்பந்தியாக அரை அங்குலம் உள்ளே தள்ளுங்கள், மேற்கோள் குறி வேண்டாம். அங்கே மட்டும் முற்றுப்புள்ளி முதலில், அடைப்புக்குறி பிறகு.

கடைசிப் பட்டியலில் புத்தகம் இப்படி வரும் (கட்டுரையில் ஆங்கில எழுத்தில் எழுதுவீர்கள், வரிசை இதுதான்):

செல்வதுரை, ஷியாம். ஃபனி போய். மக்லெலண்ட் அண்ட் ஸ்டூவர்ட், 1994.

ஆசிரியர், முற்றுப்புள்ளி. தலைப்பு, சாய்ந்த எழுத்தில், முற்றுப்புள்ளி. பதிப்பகம், கமா, ஆண்டு, முற்றுப்புள்ளி. ஒரு பெரிய தளத்திலோ சஞ்சிகையிலோ உள்ள சின்னக் கட்டுரை என்றால், கட்டுரையின் தலைப்பு மேற்கோள் குறிக்குள், சஞ்சிகையின் பெயர் சாய்ந்த எழுத்தில். எம்.எல்.ஏ. இதைக் கொள்கலன் என்று பார்க்கிறது. போல்டருக்குள் பைல் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பக்க அமைப்பு: நான்கு பக்கமும் ஒரு அங்குல ஓரம், வரிக்கு வரி இரட்டை இடைவெளி, வலது மேல்மூலையில் கடைசிப் பெயரும் பக்க எண்ணும். பட்டியல் புதுப் பக்கத்தில், அகர வரிசையில். ஒவ்வொரு பதிவிலும் முதல் வரி ஓரத்தில் தொடங்கும், மற்ற வரிகள் அரை அங்குலம் உள்ளே போகும். இதை ஸ்பேஸ் பட்டனை அடித்து அடித்துச் செய்யாதீர்கள், ஒரு சொல் மாறினால் எல்லாம் குழம்பும். விண்டோஸில் வேர்ட் என்றால் பட்டியலைத் தெரிவுசெய்து கண்ட்ரோலும் டி எழுத்தும் சேர்த்து அழுத்துங்கள். கூகுள் டாக்ஸ் என்றால் பார்மட் மெனுவில் இன்டென்டேஷன் அமைப்புக்குள் ‘ஹேங்கிங்’ என்று இருக்கும்.

அமைப்பு அவ்வளவுதான். இனிச் சிவப்புக் கோடுகள்.

முதல் கோடு: “3,000 பேர்”

எங்கே எடுத்தாய் என்று மருமகளைக் கேட்டேன். “எல்லாருக்கும் தெரியும்தானே மாமா” என்றாள். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், உண்மை. ஆனால் ரீச்சர் எங்கள் வீட்டில் வளரவில்லை.

1983இல் எத்தனை பேர் இறந்தார்கள் என்பது இன்றுவரை ஒத்துக்கொள்ளப்பட்ட எண் இல்லை. அரசு சொன்னது சில நூறு. மற்ற மதிப்பீடுகள் 3,000 வரை போகின்றன. ஆதாரம் இல்லாமல் பெரிய எண்ணை எழுதினால், மறுக்க நினைக்கிறவனுக்கு நாங்களே கதவைத் திறந்துவிடுகிறோம். அவன் அந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு கட்டுரை முழுவதையும் தள்ளிவிடுவான்.

அவளும் நானும் உட்கார்ந்து செய்தது இது. விக்கிப்பீடியாவைத் திறந்தோம். ஓம், திறக்கலாம். ஆனால் அங்கே நிற்கக்கூடாது. எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அடிக்குறிப்பு எந்தப் புத்தகத்தைச் சொல்கிறது என்று பார்த்தோம். பிறகு நூலகத்தில் அந்தப் புத்தகத்தைத் தேடி, அந்தப் பக்கத்தை வாசித்தோம். அதற்குப் பிறகுதான் பட்டியலில் போட்டோம். இரண்டு தரப்பு எண்ணையும், இரண்டுக்கும் உரிய ஆதாரத்தோடு எழுதினாள். வரி நீண்டது. ஆனால் இப்போது அதை ஆட்ட முடியாது.

விதி இதுதான்: நீங்கள் திறந்து வாசிக்காத புத்தகத்தைப் பட்டியலில் போடாதீர்கள். மூலப் புத்தகம் கிடைக்கவில்லை, இன்னொருவர் எடுத்துக்காட்டியதைத்தான் பார்த்தீர்கள் என்றால் அதையே சொல்லுங்கள். ‘இன்னாருடைய நூலில் எடுத்துக்காட்டப்பட்டது’ என்று எழுத எம்.எல்.ஏ. முறையில் இடம் இருக்கிறது. அது வெட்கம் இல்லை.

இரண்டாவது கோடு: “உன்னுடைய சொற்களா?”

இது கள்ளம் இல்லை, குறிப்பெடுத்ததில் வந்த பிழை. இணையத்தில் வாசித்ததை அப்படியே வெட்டித் தன் குறிப்புக்குள் ஒட்டியிருக்கிறாள். மூன்று கிழமை கழித்துக் குறிப்பைத் திறந்தபோது எது தன்னுடையது, எது மற்றவருடையது என்று அவளுக்கே தெரியவில்லை. அங்கங்கே இரண்டு சொல்லை மாற்றிக் கட்டுரைக்குள் போட்டுவிட்டாள்.

மருந்து சின்னது. எதையும் ஒட்டுவதற்கு முன் முதலில் இணைப்பையும், ஆசிரியர் பெயரையும், பக்கத்தையும், பார்த்த திகதியையும் எழுதுங்கள். அதற்குப் பிறகு மூன்று நிறம். அப்படியே எடுத்த சொற்கள் சிவப்பு. வாசித்து என் சொற்களில் எழுதியது நீலம். முழுக்க என் யோசனை கறுப்பு. சிவப்புக்கும் நீலத்துக்கும் ஆதாரம் வேண்டும். கறுப்புக்கு வேண்டாம்.

நீலத்தில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். சொற்களை மாற்றினால் போதும், ஆதாரம் தேவையில்லை என்று நினைக்கிறார்கள். யோசனை அவருடையதுதானே? கடன் கடன்தான். இன்னொன்று: ஒவ்வொரு சொல்லுக்கும் ஒத்த சொல் தேடி மாற்றுவது உங்கள் சொற்களில் எழுதுவது ஆகாது. வாசியுங்கள், அந்தப் பக்கத்தை மூடுங்கள், பக்கத்தில் இருக்கும் நண்பிக்குச் சொல்வது போல எழுதுங்கள். பிறகு திறந்து பிழை இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது கோடு: “சான்று?”

இதற்குத்தான் அவள் அழுதாள். ரீச்சர் அம்மம்மாவைப் பொய்யர் என்று சொல்லவில்லை. யார், எப்போது, யாரிடம் சொன்னது என்று கேட்டிருக்கிறார். நேர்காணல் ஒரு சான்று. எம்.எல்.ஏ. முறையில் அதற்குப் பட்டியலில் தனி வரியே உண்டு: சொன்னவரின் பெயர், கட்டுரையாசிரியர் நேரில் கண்ட நேர்காணல் என்ற குறிப்பு, திகதி. ஏ.பி.ஏ. முறையில் அப்படி இல்லை. நீங்கள் நேரில் கேட்டதை வாசகர் போய்ப் பார்க்க முடியாது என்பதால் பட்டியலில் போடமாட்டார்கள். பெயர், திகதி இரண்டையும் கட்டுரைக்குள்ளேயே சொல்ல வேண்டும்.

ஆனால் அதற்கு நேர்காணல் ஒன்று நடந்திருக்க வேண்டுமே. சின்ன வயதிலிருந்து சாப்பாட்டு மேசையில் துண்டு துண்டாகக் கேட்டது நேர்காணல் ஆகாது. ஆகவே ஒரு ஞாயிறு பின்னேரம் மருமகள் ஐந்து கேள்வி எழுதிக்கொண்டு வந்தாள். அம்மாவிடம் அனுமதி கேட்டு, போனில் பதிவு போட்டாள்.

அம்மா ஒரு மணித்தியாலம் கதைத்தா. பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் ஒளித்து வைத்தது, அகதி முகாம், பிறகு கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனது. முகாமில் ஒரு கிழமை இருந்தோம் என்றுதான் நாங்கள் இத்தனை வருடமும் கேட்டு வளர்ந்தோம். பதிவில் “பத்துப் பன்னிரண்டு நாள்” என்றா. மருமகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எது சரி?

இதில்தான் பெரிய பாடம் இருந்தது. அம்மா தான் கண்டதற்குச் சாட்சி. கப்பலில் யார் பக்கத்தில் இருந்தார்கள், என்ன சாப்பாடு, என்ன பயம் என்பதை அவவைவிட யாரும் சொல்ல முடியாது. நாடு முழுவதும் எத்தனை பேர் என்பதற்கு அவ சாட்சி இல்லை. ஒவ்வொரு சான்றும் தூக்கக்கூடிய பாரம் வேறு. நாட்கணக்கில் தடுமாற்றம் வந்தால், “பத்துப் பன்னிரண்டு நாள் என்று நினைவுகூர்கிறார்” என்று எழுதுங்கள். அது கதையைப் பலவீனமாக்காது. இவள் நேர்மையாக எழுதுகிறாள் என்று வாசகர் மற்ற வரிகளையும் நம்புவார்.

அடுத்த சிக்கல் பெயர். எம்.எல்.ஏ. முறை குடும்பப் பெயரை முன்னுக்குக் கேட்கிறது. எங்களுக்கு அது எங்கே இருக்கிறது? என் கடைசிப் பெயர் அப்பாவின் பெயர். அம்மாவின் கனடாக் கடவுச்சீட்டில் கடைசிப் பெயராக இருப்பதும் அப்பாவின் பெயர். எழுத்தாளர் அ. முத்துலிங்கம் என்றால், ‘அ’ அவருடைய தந்தை அப்பாத்துரையின் முதல் எழுத்து, முத்துலிங்கம் அவருடைய சொந்தப் பெயர். ஆகவே அவரைப் பட்டியலில் முத்துலிங்கம் என்றுதான் தேட வேண்டும். பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பியும் அப்படித்தான், சிவத்தம்பி என்ற பெயரில் வருவார். தமிழ் ஆசிரியர் ஒருவரைப் போடும்போது மென்பொருள் தானாகத் திருப்பிப் போடுவதை நம்பாதீர்கள். நூலகப் பட்டியல் அவரை எப்படி வைத்திருக்கிறது என்று பார்த்து, கட்டுரை முழுவதும் அதே மாதிரி வையுங்கள்.

அம்மாவின் பெயரைப் போடுவதா, வெறும் ‘குடும்ப உறவினர்’ என்று போடுவதா என்று மருமகள் கேட்டாள். இதைச் சொன்னவரிடம்தான் கேட்க வேண்டும், ஊரில் இன்னும் உறவுகள் இருக்கும் ஆட்கள் தயங்குவார்கள், அது அவர்களுடைய உரிமை. அம்மா யோசித்துவிட்டுச் சொன்னா: “என்ர பேரைப் போடு. கொப்பப்பான்ர பேரைப் பின்னுக்குப் போடு. கப்பல்ல வந்தது நான்தானே.” அப்படியே போட்டாள்.

கருவிகள், கண்ணிகள்

சொடேரோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 2006இல் தொடங்கிய திறந்த மூல வேலை. பிரவுசரில் ஒரு கிளிக், புத்தக விவரம் உள்ளே வந்துவிடும், எம்.எல்.ஏ., ஏ.பி.ஏ. எதற்கும் மாற்றித் தரும். ஆனால் உள்ளே வந்ததைச் சரிபாருங்கள். ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இணையத்தளத்தின் பெயர் வந்து உட்கார்ந்திருக்கும்.

தமிழ் நூல் தேவை என்றால் நூலகம் தளத்துக்குப் போங்கள். இலங்கைத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் 2005இலிருந்து மின்வடிவில் சேர்த்து வருகிறார்கள். ஒவ்வொரு நூல் பக்கத்திலும் நூலக எண், ஆசிரியர், வெளியீட்டாளர், வெளியீட்டாண்டு என்று வரிசையாக இருக்கும். உசாத்துணைக்கு வேண்டியது கிட்டத்தட்ட எல்லாம் அங்கேயே தயார்.

இணைய இணைப்புகள் சாகும். 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருடத்தில் இல்லாமல் போனது என்று பியூ ஆய்வு மையம் 2024இல் சொன்னது. ஆகவே முக்கியமான பக்கத்தை வேபேக் மெஷினில் சேமித்து, அந்த இணைப்பையும் குறித்து வையுங்கள்.

கடைசியாக சாட்ஜிபிடி. 2023இல் நியூயோர்க்கில் வழக்கறிஞர்கள் அது தந்த தீர்ப்புகளை அப்படியே நீதிமன்றத்தில் கொடுத்தார்கள். வழக்கின் பெயர், எண், திகதி எல்லாம் அழகாக இருந்தது. அப்படி வழக்குகளே நடக்கவில்லை. 5,000 டொலர் தண்டம். வடிவம் சரியாக இருப்பதால் சான்று உண்மை ஆகிவிடாது. பள்ளி அனுமதித்து நீங்கள் பாவித்தால், எம்.எல்.ஏ. சொல்வது போல அதை ஆசிரியராகப் போடாதீர்கள். என்ன கேட்டீர்கள், எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, எந்த நிறுவனம், எந்தத் திகதி என்று எழுதுங்கள்.

வீட்டு வேலை

மருமகள் போன வெள்ளிக்கிழமை கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தாள். மார்க் இன்னும் வரவில்லை. கடைசிப் பக்கத்தை எனக்குப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். அகர வரிசையில் அம்மாவின் பெயர் செல்வதுரைக்கு ஒரு வரி மேலே இருந்தது. அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்துவிட்டு, “இதை ஒரு கொப்பி அடிச்சுத் தா” என்றா. பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன், சாமியறையில் இருக்கிறது.

இந்தக் கிழமை உங்களுக்கு ஒரு வேலை. வீட்டில் இருக்கும் மூத்தவர் ஒருவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அனுமதி கேட்டுப் பதிவு செய்யுங்கள். பிறகு அதற்கு உசாத்துணை வரி ஒன்று எழுதுங்கள்: பெயர், நேர்காணல், திகதி. எந்தப் பெயர் முன்னுக்கு வரும் என்று அவரிடமே கேளுங்கள். பாதிக் கதை அந்தப் பதிலிலேயே வரும்.

அடுத்த கிழமை ஒலியில் சந்திப்போம்.